அணுவும் யோகக் காட்சியும்

திருச்சிற்றம்பலம்



இத்திருக்கோயிலின் திருப்பணி இனிது நிறைவுற்று, விமானங்களும் இராசகோபுரமும் புதுப்பொலிவு பெற்றுத் திகழ, திருக்குட நன்னீராட்டு விழா நிகழும் இந்நன்னாளில், விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்தளிக்குமாறு திருப்பணிக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். 'அணுவை அன்றே அறிந்த சைவம்' என்னும் தலைப்பையும் அவர்களே தந்தனர். கட்டுரையின் சாரத்தை நான்கு வரிகளிற் சுருக்கித் தந்தால், அன்பர் ஒருவரின் பொருளுதவியால் அதனைச் சலவைக் கல்லிற் பொறித்துத் திருச்சுற்றிற் பதிக்க எண்ணியுள்ளதாகவும் கூறினர். அவர்தம் ஆர்வம் போற்றுதற்குரியது. எனினும் அத்தலைப்பில் எழுத அடியேனுக்கு இயலவில்லை. இயலாமைக்குரிய காரணத்தை வரலாற்று முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே திருக்கோயிலின் விழா மலரில் அடியேன் ஒரு கட்டுரை எழுதினேன். சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையைச் சார்ந்த பெரியோர் இருவர் அணிமா சித்தியால் அணுவினுட் புகுந்து அதன் அமைப்பை நேரிற் கண்டனர் என்றும், அக்காட்சி நம் சாத்திரங்கள் கூறும் அணுவை மெய்ப்பித்தது என்றும், மேனாட்டு விஞ்ஞானம் அதனைப் பின்னரே அறிந்தது என்றும் அதில் எழுதியிருந்தேன். அவர்கள் எழுதிய நூலை அன்று அடியேன் கண்ணாலும் கண்டதில்லை. மேடையிற் கேட்டதை ஏட்டில் ஏற்றினேன், அவ்வளவே.

அடியேனிடம் திருமுறையும் சாத்திரமும் பாடங்கேட்ட மாணவர் ஒருவர் அந்நாளில் இருந்தார். பின்னர் அவர் கல்லூரியிற் சேர்ந்து இயற்பியல் பயின்றார். ஒரு விடுமுறையில் வந்தபோது, அம்மலரை அடியேன் முன் விரித்து வைத்து, "ஐயா, இவர்கள் கண்டதாகச் சொல்லும் அணு வேறு, எங்கள் ஆய்வுக் கூடத்தில் அளந்தறியும் அணு வேறு. இவர்கள் கண்டது தவறென்றால், அதனையே சான்றாகக் கொண்டு தாங்கள் சொன்ன சாத்திரமும் தவறாகுமா?" என்று வினவினார். அடியேனிடம் விடையில்லை. "குருவாக்கியத்தில் ஐயங்கொள்ளலாகாது" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். அதன்பின் அவர் பாடங்கேட்க வரவில்லை. சித்தியாரிற் பாதியும் அவருக்குக் கற்பிக்கப்படாமலே நின்றது. அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று எழுதுகின்றேன்.

அடையாற்றுக்கு வந்த சபை

பிரம்மஞான சபை 1875 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் பிளாவட்ஸ்கி அம்மையாராலும் கர்னல் ஆல்காட் துரையாலும் வேறு சிலராலும் தோற்றுவிக்கப்பெற்றது. 1882 ஆம் ஆண்டில் அடையாற்றங்கரையில் ஒரு தோட்டத்தை வாங்கி, அதனைச் சபையின் தலைமை இடமாக்கினர். நம் நாட்டு நூல்களை நம்மவரே இகழ்ந்து ஒதுக்கிய காலத்தில், அவற்றைத் தேடித் தொகுத்து ஆங்கு நூலகம் அமைத்த நன்றி மறத்தற்குரியதன்று.

அச்சபையில் 1889 ஆம் ஆண்டில் இணைந்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். அவர் 1893 இல் இந்தியாவுக்கு வந்தார். 1898 இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். 1907 இல் சபையின் தலைவரானார். 1916 இல் தன்னாட்சி இயக்கம் கண்டார். 1917 இல் காங்கிரசு மகாசபையின் தலைமை ஏற்றார். அவர்தம் தொண்டைக் குறைத்துக் கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. அவருடன் இணைந்து ஆராய்ந்தவர், முன்னர் ஆங்கிலத் திருச்சபையிற் குருவாயிருந்து பின் சபையைச் சார்ந்த லெட்பீட்டர் என்பவர்.

1895 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சின்னெட் என்னும் சபையினர், தங்கத்தின் நுண்துகளை அகக்கண்ணாற் காண இயலுமா என்று லெட்பீட்டரை வினவினார். தங்கத்தின் அமைப்பு எண்ணி முடியாத சிக்கலுடையதாகத் தோன்றவே, மிக இலேசான ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டனர். அதன்பின் நைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் பிராணவாயு ஆகியவற்றை இருவரும் நோக்கினர். அக்காட்சிகளின் குறிப்பு அவ்வாண்டே 'லூசிபர்' என்னும் சபை இதழில் வெளிவந்தது. நல்லசாமிப் பிள்ளையவர்கள் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டதும் இதே 1895 ஆம் ஆண்டில்தான். ஓராண்டிலேயே, நம் சாத்திரம் மேனாட்டவர் படிக்கும் மொழியிற் சென்றது. மேனாட்டவரின் காட்சி நம் சொற்களைப் பூண்டு வந்தது.

நம் சொற்களைப் பூண்டு வந்தது என்றது ஏன் எனின், அவர்கள் தாம் கண்ட இறுதித் துகளுக்கு இட்ட பெயர் 'அணு' என்பதே. அதனைக் காணும் ஆற்றலுக்கு அவர்கள் காட்டிய மேற்கோள், யோக நூல்கள் கூறும் எண்வகைச் சித்திகளுள் முதலாகிய அணிமா ஆகும்.

எண்ணிய எண்கள்

அவர்கள் கூறியதை அவர்கள் கூறியவாறே கூறுதல் முறையாகும். இறுதித் துகளாகிய அணு, இதயம் போன்ற வடிவினது. பத்துச் சுருள் இழைகளால் ஆயது. ஒவ்வோர் இழையும் 1,680 திருகுகளை உடையது. ஆண் பெண் என இருவகைப்படுவது. ஹைட்ரஜன் 18 அணுக்களாலும், நைட்ரஜன் 261 அணுக்களாலும், ஆக்ஸிஜன் 290 அணுக்களாலும் ஆயவை. இவ்வெண்களை ஹைட்ரஜனின் 18 ஆல் வகுத்தால், அத்தனிமங்களின் எடை கிடைக்கும் என்றனர். அவ்வாறு வகுக்க, நைட்ரஜனுக்கு 14.5 உம், ஆக்ஸிஜனுக்கு 16.11 உம் வரும். வேதியியலார் அளந்து கண்ட எடைகளோ முறையே 14 உம் 16 உம் ஆகும்.

1907 ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் டிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள வைசர் ஹிர்ஷ் என்னும் சோலை சூழ்ந்த ஊரில் தங்கி, பல தனிமங்களைத் தொடர்ந்து நோக்கினர். இலங்கையிற் பிறந்து கேம்பிரிட்ஜிற் பயின்ற ஜினராஜதாஸர் அருகிருந்து குறிப்பெடுத்தார். தனிமங்கள் முள், இருதலைக் குமிழ், நான்முகம், கனசதுரம், எண்முகம், குறுக்குச் சட்டம், விண்மீன் எனும் ஏழு வடிவங்களில் அடங்கும் என்றனர். 1908 இல் இவை 'அக்கல்ட் கெமிஸ்ட்ரி', அதாவது மறைபொருள் இரசாயனம், என்னும் நூலாயின. 1919 இல் இரண்டாம் பதிப்பும், அடையாற்றில் 1951 இல் விரிவாக்கிய மூன்றாம் பதிப்பும் வந்தன. அம்மையார் 1933 செப்டம்பரிலும் லெட்பீட்டர் 1934 மார்ச்சிலும் மறைந்தமையால் ஆராய்ச்சியும் நின்றது.

அந்நூலைப் பிற்காலத்தில் தேடிப் பெற்று, அகராதியின் துணைகொண்டு பல திங்கள் படித்தேன். ஏமாற்றும் எண்ணத்துடன் எழுதிய நூலாக அஃது எனக்குத் தோன்றவில்லை. கண்டதாகத் தாம் நம்பியதைப் படம் வரைந்தும் எண்ணிக்கை இட்டும் உழைப்புடன் எழுதியிருந்தனர். ஆதலின், அவர்கள் உண்மையாளரா என்பது ஈண்டு வினாவன்று. கண்டது உண்மையா என்பதே வினா.

அதே ஆண்டுகளில் ஆய்வுக் கூடங்கள்

அவ்விருவரும் அகக்கண்ணால் நோக்கிய அதே காலத்தில், ஆய்வுக் கூடங்களில் புறக்கருவிகளால் அணுவை நோக்கியோரும் இருந்தனர். 1896 இல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டார். 1897 இல் ஜே. ஜே. தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டார். 1911 இல் ரூதர்போர்டு, அணுவின் நிறையெல்லாம் நடுவிலுள்ள மிகச் சிறிய கருவிற் செறிந்திருத்தலை நிறுவினார். 1913 இல் மோஸ்லி ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய வரிசையெண்ணை எக்ஸ் கதிர்களால் அளந்தார். 1932 இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார்.

இவை ஒருவர் சொல்ல ஒருவர் நம்பியவை அல்ல. எவர் அக்கருவியை அமைத்து அளப்பினும் அதே விடை வரும். இங்ஙனம் கண்ட கருவையும் அதைச் சூழ்ந்த எலெக்ட்ரான்களையும் மறைபொருள் இரசாயனத்தின் படங்களிற் காண்கிலோம். ஆங்குள்ளவை முட்களும் குமிழ்களும் விண்மீன்களுமே.

ஆனால், எடைகள் ஏறக்குறைய ஒத்துவந்தனவே எனின், அது சான்றாகாது. ஆக்ஸிஜன் 16, நைட்ரஜன் 14 என்பன 1895 க்கு முன்னரே பாடநூல்களில் இருந்தவை. முன்னரே அறிந்த விடையை ஒட்டி ஒரு காட்சி அமைந்தால், அது கண்ணாற் கண்டதா, கற்றதே கண்முன் வந்ததா என்று பிரித்தறிதல் அரிது. தனிமங்களை வகைப்படுத்துவதற்கு அவர்கள் கைக்கொண்ட வரிசையும், சபையின் உறுப்பினராயிருந்த வில்லியம் குரூக்ஸ் என்னும் வேதியியலறிஞர் அமைத்ததைத் தழுவியதே.

நியான் என்னும் வாயுவின் கதை

மாற்றுத் தரப்பினர்க்கு வலிமை தரும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அதை மறைத்தல் நீதியாகாது.

அந்நூலில் நியான் என்னும் வாயுவுக்கு 360 அணுக்கள் கூறப்பட்டன. வகுத்தால் எடை 20 ஆகும். அதனுடன் 'மெட்டா நியான்' என ஓர் இணைவகையும் கூறப்பட்டது, அதற்கு 402 அணுக்கள், எடை 22.33. சில ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜில் தாம்ஸன் நியானை ஆராய்ந்தபோது, 20 எடையுள்ள நியானுடன் 22 எடையுள்ள ஒன்றும் கலந்திருத்தல் புலனாயிற்று. அவருடன் பணிபுரிந்த ஆஸ்டன், புதிய வகைக்கு 'மெட்டா நியான்' என்று அந்நூலிலிருந்தே பெயரை எடுத்து வழங்கினார். ஒரே தனிமம் வெவ்வேறு எடையுடைய வகைகளாய் இருத்தலை 1913 இல் சாடி என்பவர் விளக்கி, 'ஐசோடோப்பு' எனப் பெயரிட்டார். ஆஸ்டன் 1919 இல் துல்லியமான நிறை அளக்கும் கருவியை அமைத்துப் பல தனிமங்களின் ஐசோடோப்புகளைக் கண்டு, 1922 இல் நோபெல் பரிசு பெற்றார்.

இதனைப் படித்த அன்று, அடியேன் முன்பு எழுதியது சரியே போலும் என்று ஒரு கணம் உள்ளம் குளிர்ந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. பின்னர் அடுத்த பக்கங்களைப் புரட்டினேன்.

நியானுக்கும் மெட்டா நியானுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 42 அணுக்கள். ஆர்கானுக்கு 714, மெட்டா ஆர்கானுக்கு 756, வேறுபாடு 42. கிரிப்டானுக்கு 1,464, அதன் இணைக்கு 1,506, வேறுபாடு 42. ஸெனானுக்கு 2,298, அதன் இணைக்கு 2,340, வேறுபாடு 42. இவற்றின் மேல் 'கேலான்' என ஒரு வாயுவும், அதற்கும் 42 மிகுந்த ஓர் இணையும் கூறப்பட்டுள்ளன.

எல்லா வாயுவுக்கும் ஒரே அளவு கூட்டிச் சொன்ன ஒரு விதி, ஓரிடத்தில் உண்மைக்கு அருகில் வந்தது. பிற இடங்களில் தவறியது. இயற்கையில் ஆர்கானுடன் காணப்படும் நிலைத்த வகைகள் 36, 38, 40 என்பன. அவர்கள் கணக்குப்படி வரவேண்டிய 42 அவற்றுள் இல்லை. கேலானின் எடை ஏறக்குறைய 170 என்றனர். அவ்வரிசையில் ஸெனானுக்கு அடுத்து வரும் வாயு ரேடான் ஒன்றே. அதன் எடை 222. இடையில் வேறொன்றிற்கு வரிசையெண்ணில் இடமே இல்லை. மூன்றாம் பதிப்பில் 'அடையாரியம்' என நம் அடையாற்றின் பெயராலேயே ஒரு தனிமமும் இடம் பெற்றது. அத்தகைய தனிமம் எவ்வாய்வுக் கூடத்திலும் காணப்பட்டிலது.

ஆயிரம் விதைத்தவன் ஒன்று முளைத்தது கண்டு, 'என் நிலத்தில் எல்லாம் விளையும்' என்றால் உலகம் ஒப்புமோ? மேடைகளில் நாம் முளைத்த ஒன்றை மட்டும் காட்டி வந்தோம். முளையாதவற்றையும் எண்ணிச் சொல்பவனே கணக்குக் காட்டுபவன்.

1964 இல் கெல்மன், ஸ்வைக் என்னும் அறிஞர்கள், புரோட்டான் முதலியவை 'குவார்க்கு' என்னும் துகள்களால் ஆயவை என்ற கொள்கையை வெளியிட்டனர். அதன்பின் 1980 இல் ஸ்டீபன் பிலிப்ஸ் என்னும் இயற்பியலறிஞர், அடையாற்றார் கண்ட அணு குவார்க்கினும் நுண்ணிய துகளே என்றும், ஹைட்ரஜனின் 18 என்பது இரண்டு புரோட்டான்களில் தலைக்கு மும்மூன்று குவார்க்குகளும், குவார்க்கு ஒன்றுக்கு மூன்று நுண்துகள்களும் சேர்ந்த தொகை என்றும் ஒரு நூலில் வாதிட்டார். கணக்கு அழகாகவே பொருந்துகின்றது. எனினும் குவார்க்கினுள் அத்தகைய துகள் இருப்பதற்கு இதுகாறும் ஆய்வுச் சான்று கிடைத்திலது. கண்டவர் ஓர் அணு என்று சொன்னதை, பின்வந்தவர் இரண்டு கருக்களின் கூட்டு என்று மாற்றிப் பொருள் கொண்டனர். எந்த விடை வந்தாலும் அதற்கேற்பப் பொருள் மாற்றிக் கொள்ளக்கூடிய சொல், எந்த விடையையும் முன்னறிந்து சொன்னதாகாது.

சித்தாந்தம் கூறும் அளவை

இனி, சைவராகிய நாம் இதனை எங்ஙனம் நோக்குதல் வேண்டும் என்பதைக் காண்போம்.

'யோகக் காட்சி என்பதே பொய்' என்று நாம் சொல்லுதல் இயலாது. அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதியில் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றுள் காட்சி நால்வகைப்படும்: வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என. ஐம்பொறி வாயிலாக அறிவது முதலாவது. மனத்தால் அறிவது இரண்டாவது. இன்ப துன்பங்களைத் தன்னுள் அறிவது மூன்றாவது. யோகப் பயிற்சியால் மலத்தின் மறைப்பு ஒருவாறு விலக, சேய்மையிலுள்ளதையும் காலம் கடந்ததையும் இருந்தவிடத்திருந்தே அறிவது நான்காவது.

ஆயினும் அதே அளவை நூல், காட்சிக்கு ஐயம், திரிபு என்னும் குற்றங்கள் உண்டென்றும் கூறுகின்றது. கட்டையோ மகனோ என்று மயங்குவது ஐயம். கயிற்றைப் பாம்பென்று துணிவது திரிபு. குற்றம் நீங்கிய காட்சியே பிரமாணமாகும். யோகக் காட்சி என ஒன்று உண்டு என்று ஒப்புவது வேறு; 'யான் யோகக் காட்சியாற் கண்டேன்' என்று சொல்லும் ஒவ்வொருவர் சொல்லையும் ஒப்புவது வேறு. பொன் உண்டு என்பதனாலேயே மின்னுவதெல்லாம் பொன்னாகி விடாது; உரைகல்லும் வேண்டும். சடப்பொருளைப் பற்றிய கூற்றுக்கு உரைகல், அச்சடப்பொருளை அளந்து காண்பதேயாம். அடையாற்றுக் காட்சியை அவ்வுரைகல்லில் உரைத்தால், ஆக்ஸிஜனில் சிறிது மின்னுகின்றது. நியானில் சற்றே மிகுதியாக மின்னுகின்றது. கேலானிலும் அடையாரியத்திலும் மின்னவில்லை.

அடியேன் முன்பு எழுதியதில் இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. மடத்தில் முறையாகப் பாடங்கேட்ட எனக்கு அஃது அன்றே தோன்றாதது வியப்பு. 'அணு' என்று நம் சாத்திரம் கூறுவதும், சடப்பொருளின் துகளாக அவர்கள் கூறியதும் ஒன்றல்ல. சைவாகமங்களில் அணு என்பது ஆன்மாவுக்கு ஒரு பெயர். ஆன்மா தன்னியல்பில் வியாபகமானது; அதனை மறைத்து அணுத்தன்மைப்படுத்தும் மலத்திற்கு, அது பற்றியே ஆணவம் என்று பெயராயிற்று. ஆகவே நம் சாத்திரத்தில் அணு என்ற சொல் உயிரின் சிறுமையையும், அச்சிறுமை நீங்குமாற்றையும் குறிக்க வந்தது. ஹைட்ரஜனைக் குறிக்க வந்ததன்று.

அதற்கும் மேலாக, பரமாணுக்களே உலகிற்கு முதற்காரணம் என்னும் வைசேடிகர் முதலியோர் கொள்கையைச் சித்தாந்திகள் மறுத்து, மாயையே முதற்காரணம் என்று நிறுவினர். சித்தியாரின் பரபக்கத்தில் ஆசீவகரின் அணுவாதம் எடுத்து மறுக்கப்படுகின்றது. 'அணுவை அன்றே அறிந்த சைவம்' என்று நாம் பெருமை பேசினால், நம் சந்தான குரவர் மறுத்த கொள்கையையே அவர்தம் தலையில் ஏற்றி மகிழ்பவராவோம். புகழ்வதாக எண்ணிப் பிழை செய்தல் என்பது இதுவே.

மணிவாசகப் பெருமான் திருவண்டப்பகுதியில், அண்டங்களெல்லாம் இல்லத்தினுள் நுழையும் ஞாயிற்றின் கதிரிற் பறக்கும் துகள்கள் போலச் சிறியவாக, இறைவன் பெரியோனாய் நிற்கும் நிலையைப் பாடியுள்ளார். ஆங்கு அவர் வான நூல் கற்பிக்கவில்லை. நம் செருக்கைக் கரைக்கின்றார். அதனை விஞ்ஞானத்திற்குச் சான்றாக்கினால், விஞ்ஞானமும் வளராது, நம் செருக்கும் கரையாது.

சித்தியும் முத்தியும்

அணிமா முதலிய சித்திகளைப் பற்றி நம் புராணம் கூறுவதையும் ஈண்டு நினைத்தல் தகும். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் 'அட்டமாசித்தி உபதேசித்த படலம்' என ஒன்றுண்டு. இயக்கியர் அறுவர் எண்வகைச் சித்திகளையும் உபதேசிக்குமாறு இறைவனை வேண்டினர். உபதேசத்தை அவர்கள் கருத்தூன்றிப் போற்றாமையால், பட்டமங்கையில் ஆலமரத்தின் கீழ்ப் பாறைகளாய் ஆயிரம் ஆண்டுகள் கிடக்குமாறு சபிக்கப்பட்டனர். பின்னர் இறைவன் மதுரையினின்று எழுந்தருளி, அவர்தம் சாபம் நீக்கி மீண்டும் உபதேசித்தருளினான். சிவகங்கைச் சீமையிலுள்ள பட்டமங்கலத்தை இன்றும் அத்தலமாகப் போற்றி வழிபடுகின்றோம்.

சித்தி கேட்டவர் பாறையாயினர் என்பது ஆழ்ந்து நோக்கற்குரியது. சித்திகளை விழைந்து, உபதேசித்தவனை மறத்தல் உயிரைச் சடமாக்கும். தாயுமானவ அடிகளும் வியத்தகு ஆற்றல்கள் பலவற்றை அடுக்கிச் சொல்லி, அவற்றினும் அரியது மனத்தை அடக்கிச் சும்மா இருத்தலே என்னும் கருத்தைப் பாடினார். ஆற்றல் உண்டா இல்லையா என்பதில் நம் சமயம் நிற்கவில்லை. அவ்வாற்றல் உண்மையேயாயினும், அஃது உயிரின் ஆணவத்தைக் குறைத்ததா என்பதே நம் பெரியோர் கேட்கும் வினா. அணுவினுள் 1,680 திருகுகளை எண்ணியவர்க்கும், எண்ணாத நமக்கும், அவ்வினா ஒன்றே.

ஒப்புமையும் சான்றும்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனிவா நகரில் உள்ள செர்ன் என்னும் பெரிய அணுத்துகள் ஆய்வுக் கூடத்தில், 2004 ஆம் ஆண்டு இந்திய அரசு வழங்கிய இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராசர் திருவுருவம் நிறுவப்பெற்றது. இதனைக் காட்டி, 'விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டனர்' என்று பேசுவோர் உளர். அங்கு நிகழ்ந்தது ஒப்புக்கோடலன்று, உவமை. ஆனந்த குமாரசாமி அவர்கள் கூத்தப்பிரான் திருநடனத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1912 இல் 'சித்தாந்த தீபிகை' இதழில் வெளிவந்து, 1918 இல் நூலில் இடம் பெற்று, உலகெங்கும் பரவியது. அதன் வழியே திருநடனத்தின் பொருளை அறிந்த மேனாட்டார், துகள்கள் ஓயாது தோன்றி மறைவதற்கு அத்திருவுருவத்தை அழகிய உவமையாகக் கொண்டனர்.

உவமை உள்ளத்தை விரிக்கும், அதில் பிழையில்லை. 'அம்பலத்தாடுவான் திருவடிபோல்' என்று நம் நெஞ்சமும் எத்தனையோ பொருள்களைக் கண்டு உருகுகின்றது. உவமையைச் சான்றாக்கும்போதுதான் இடர் விளைகின்றது. விஞ்ஞானம் தன் கூற்றைத் தானே திருத்திக்கொண்டு செல்லும் இயல்புடையது. அதுவே அதன் சிறப்பு. இன்றைய விஞ்ஞானத்தின்மேல் நம் வழிபாட்டைக் கட்டி வைத்தால், நாளை அது திருந்தும்போது வழிபாடும் ஆட்டங்காணும். கோபுரத்திற்கு அடித்தளம் பாறையில் இட வேண்டும். ஓடும் ஆற்றுமணலில் இடலாகாது. ஆற்றுமணல் குற்றமுடையதன்று, அது கோபுரம் தாங்க வந்ததன்று, அவ்வளவே.

நிறைவுரை

சலவைக் கல்லை அளிக்க முன்வந்த அன்பருக்கு அடியேன் செய்யும் விண்ணப்பம் ஒன்று. அக்கல்லை வீணாக்க வேண்டா. இத்தலத்தின் தேவாரப் பதிகத்தை அதிற் பொறித்திடுக. அது நேற்று மெய்யாயிருந்தது, இன்று மெய்யாயிருக்கின்றது, எந்த ஆய்வுக் கூடம் எதனைக் கண்டாலும் நாளையும் மெய்யாயிருக்கும். அதன்கீழ் நின்று பாடும் குழந்தை, பிற்காலத்திற் கல்லூரி சென்று இயற்பியல் பயின்று திரும்பினாலும், அக்கல்லை நோக்கி நாணவேண்டிய தேவை வாராது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இம்மலரில் எழுதிய பிழையை, இம்மலரிலேயே திருத்தும் பேறு கிடைத்தமைக்குத் திருப்பணிக் குழுவினர்க்கு நன்றியுடையேன். அன்று வினவிய மாணவர் இப்போது எவ்வூரில் உள்ளார் என்று அறியேன். இம்மலர் எவ்வாறேனும் அவர் கைக்குச் செல்லுமாயின், அவர் வினாவுக்கு விடை இதுவே: அவர்கள் கண்டது தவறாகலாம், அதனைச் சான்றாகக் காட்டிய யான் தவறியவனே, சாத்திரம் தவறவில்லை, ஏனெனில் அது அதனைச் சொல்லவே இல்லை. வினவியது நன்று. ஐயம் நீக்கித் தெளிவு தருவதே அளவை என்று கற்பித்த ஆசிரியன், ஐயம் எழுப்பிய மாணவனை வாயடைத்தது நன்றன்று. சித்தியாரில் எஞ்சிய பாதியைப் பாடஞ்சொல்ல அடியேன் இன்றும் மாலைதோறும் இத்திருக்கோயிலின் தென்திருச்சுற்றில் அமர்ந்திருக்கின்றேன்.

கும்பநீர் விமானத்தின்மேற் பொழியும் அந்நேரத்தில், நம்மை அணுவாக்கி வைத்துள்ள ஆணவம் சற்றேனும் நெகிழ, அகண்ட பரிபூரணனாகிய அம்மையப்பன் திருவருள் யாவர்க்கும் கூடுவதாக.

மேன்மைகொள் சைவநீதி விளங்குக! 

திருச்சிற்றம்பலம்